வேலை பார்க்கிற ஆள் எழுதலாமா? காசிச்செட்டியும் எங்கள் கேள்வியும்

எங்கள் ஊரின் பெயர் குறிஞ்சிப்பிட்டி. ஐந்திணை படித்தவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். குறிஞ்சி என்றால் மலை. எங்களிடம் மலை இல்லை. பிட்டி என்றால் மேடு, இங்கே அது மணல்மேடு. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மற்றப் பக்கம் பெருங்கடல், நடுவில் மணலும் தென்னையும் மிளகாய்த் தோட்டமும். மழைக் காலத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அந்தத் தண்ணீரில் இருந்துதான் எங்கள் கதை தொடங்குகிறது.

எங்களில் ஒருத்தி விவசாயத் துறையில் வேலை செய்கிறாள். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் தாதி. ஒருத்தன் படகு எஞ்சின் திருத்துகிறவன், எல்லாரும் அவனை நானா என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருத்தர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். போன மாதம் ஒரு பின்னேரம் களப்புக் கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது விவசாயத்துறைக்காரி சொன்னாள்: "எங்கட கிணத்துத் தண்ணியைப் பற்றி இங்கிலீசில கட்டுரை கட்டுரையா இருக்கு. வாசிக்கிறது வெளியூர்க்காரர். குடிக்கிறது நாங்கள்."

அவள் சொன்னது உண்மை. கற்பிட்டிக் குடாநாட்டின் நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். காரணமும் விளங்கக் கஷ்டமானதல்ல. மணல் நிலம் உரத்தைப் பிடித்து வைக்காது. போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கும். கீழே இருப்பதோ உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படலம். அதே கிணற்றில் இருந்துதான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம், வீட்டுக்கும் அள்ளுகிறோம். குடிநீரில் நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளுக்குத்தான் இது கூடிய ஆபத்து. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைக்கத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற தாய்மார் எங்கள் ஊரில் எத்தனை பேர்!

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் எங்கள் வேலையில் தெரிந்ததை நாங்களே தமிழில் எழுதி, நாலு பக்கத்தில் மடித்து, மாதத்துக்கு ஒரு தரம் கொடுத்தால் என்ன? கேள்வி வந்த வேகத்திலேயே மறுப்பும் வந்தது. வேலைக்கே நேரம் போதாது. ஆர் வாசிக்கிறது? அரச உத்தியோகத்தர் எழுதலாமா? எழுதிப் பிழைத்துப் போனால்? நாலு இதழோடு நின்றுவிட்டால் மானம் போகாதா?

முடிவெடுக்க முதல் ஒரு விசயம் செய்தோம். இதே கேள்வியை எங்களுக்கு முன்னர் கேட்டவர்கள் ஆர் என்று தேடினோம். தூரப் போகத் தேவையில்லாமல் போயிற்று. முதல் ஆள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

கற்பிட்டிக்காரர் ஒருவர்

சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் கற்பிட்டியில் பிறந்தவர். கொழும்புச் செட்டி சமூகம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றைக்கும் நிற்கிற அதே கற்பிட்டி. ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர் கைக்கு அது மாறிப் பன்னிரண்டு வருசம் ஆகியிருந்தது. துறைமுக ஊர் என்பதால் காதில் விழுகிற மொழிகளுக்குக் குறைவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம், போர்த்துக்கேயம், டச்சு என்று அவருக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியல் நீண்டது.

1824இல், பதினேழு வயதில், கற்பிட்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. இந்த வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னால் ஒரு மீன்பிடிகாரர் நின்று தன் வலை களவு போனதைத் தன் பேச்சில் சொல்கிறார். மேலே இருக்கிற நீதவானுக்கு அந்தப் பேச்சு விளங்காது. நடுவில் ஒரு பதினேழு வயதுப் பையன். ஊரின் சண்டையும் சொத்தும் கலியாணமும் சாதி வழக்கும் எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் இன்னொரு மொழிக்குப் போகவேண்டும். பள்ளிக்கூடம் தராத படிப்பு அது.

பிறகு புத்தளப் பகுதிக்கு மணியகாரர் ஆனார், முதலியார் ஆனார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1845இல் அந்தப் பதவியை விட்டுச் சிவில் சேவைக்குப் போனார். அச்சேவையில் சேர்க்கப்பட்ட முதல் தமிழர் அவரே. சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக வேலை பார்த்தவர், 1860 நவம்பரில் இறந்தார். ஆக, பதினேழு வயதில் இருந்து ஐம்பத்து மூன்று வயதுவரை ஒரு நாளும் வேலையில்லாமல் இருந்த ஆள் இல்லை. எழுதியதெல்லாம் உத்தியோகத்துக்கு நடுவில்தான்.

எழுதியதும் கொஞ்சநஞ்சம் அல்ல. 1834இல், இருபத்தேழாவது வயதில், 'சிலோன் கசற்றியர்' வந்தது. இலங்கையின் ஊர்கள், மாவட்டங்கள், ஆறுகள், மக்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் சொல்லும் ஆங்கில நூல். கோட்டேயில் இருந்த சேர்ச் மிஷன் அச்சகத்தில் அச்சானது. ஒரு நாட்டை இப்படி வரிசைப்படுத்தி எழுதுவது அரசாங்கம் ஆள் வைத்துச் செய்கிற வேலை. அதைக் கற்பிட்டியில் உத்தியோகம் பார்த்த ஓர் இளைஞர் தனியாகச் செய்தார். ஊர்ப் பெயரும் வரியும் உப்பளமும் அவர் கையால் தினம் போய்வந்தவை, வேலைதான் அவருக்கு நூலகம்.

இதை எங்கள் பட்டியலில் முதலாவதாகக் குறித்துக்கொண்டோம். "எழுத நேரமில்லை, வேலை இருக்கிறது" என்கிறோம். வேலை இல்லாவிட்டால் அவரிடம் எழுத என்ன இருந்திருக்கும்?

இலண்டனுக்குப் போன கரையோரம்

1837இல் இலண்டன் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. பரவர் சமூகத்தின் தோற்றமும் வரலாறும் பற்றியது. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்தும் மீனும் எடுத்து வாழ்ந்த மக்களைப் பற்றி, அந்தக் கரையிலேயே பிறந்த ஒருவர் எழுதியது. பின்னர் 1845இல் அந்தச் சங்கத்துக்கு இலங்கைக் கிளை உருவானபோது அதன் சஞ்சிகையிலும் எழுதினார். சோனகரின் வழக்கங்கள், ரொடியர், புத்தளம் பக்கத்துத் தம்மன்னா நுவரவின் இடிபாடுகள் என்று எல்லாம் ஆங்கிலத்தில்.

இதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அவர் எழுதாவிட்டால் அந்தக் காலத்து விசயம் பல எங்களுக்கு வந்தே சேர்ந்திராது. ஆனால் விவசாயத்துறைக்காரி சொன்னது திரும்பவும் காதில் கேட்டது. பரவரைப் பற்றிய கட்டுரையை எந்தப் பரவர் வாசித்திருப்பார்? இப்போது கிணறு, அப்போது சாதி வரலாறு. அறிவு இங்கிருந்து ஏற்றுமதியாகிறது. திரும்பி வருகிற கப்பல்தான் இல்லை.

காசிச்செட்டிக்கும் இது தோன்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் 1841இல் அவர் வேறொரு காரியம் செய்தார். 'உதயாதித்தன்' என்ற பெயரில் தமிழில் ஒரு மாத இதழ் தொடங்கினார்.

ஒரே வருசத்தில் இரண்டு விடியல்

1841 தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் மறக்கக் கூடாத ஆண்டு. அந்த ஜனவரி 7ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 'உதய தாரகை'யைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகை. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று ஆங்கிலப் பெயர் பூண்ட இரண்டு தமிழர்கள் ஆசிரியர்கள். அதே ஆண்டில் காசிச்செட்டியின் உதயாதித்தன். ஒன்று விடிவெள்ளி, மற்றது எழுஞாயிறு. பெயரைப் பார்த்தால் சூரியன்தான் நீண்ட நேரம் நிற்கவேண்டும். நடந்தது மறுவளம். தாரகை தலைமுறைகளைத் தாண்டி ஓடியது. ஆதித்தன் நெடுநாள் நிற்கவில்லை.

ஏன் என்று யோசித்தோம். இரண்டுக்கும் பின்னால் என்ன இருந்தது என்று வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. தாரகைக்குப் பின்னால் சொந்த அச்சகம் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி இருந்தது. ஊர் ஊராக மிஷன் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அதாவது பத்திரிகை பிறக்கப் பதினெட்டு வருசம் முன்னரே அதை வாசிக்கப் போகிறவர்களை உண்டாக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுதுகிறவர் ஒருவர் போனால் இன்னொருவர் வர ஆளிருந்தது.

ஆதித்தனுக்குப் பின்னால் இருந்தது ஒரு மனிதர். அவருக்கோ முழுநேர உத்தியோகம், சட்டநிரூபண சபை, அதற்கு மேல் ஆங்கில ஆய்வுகள். நாட்டில் ரயிலே இல்லாத காலம், முதல் ரயில் ஓடியது 1864இல். வாசிக்கத் தெரிந்தவர்கள் சிதறிக் கிடந்தார்கள். எழுத்தில் குறை இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை, கசற்றியரை எழுதிய கைதான் அது. குறைந்தது கூட்டம். தனி ஆள் மாதாமாதம் சுமக்கிற பாரம் அல்ல அது.

இங்கே நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எங்களிலும் ஒருத்தர் தனியாகத் தொடங்கத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1859இல், இறப்பதற்கு ஒரு வருசம் முன்னர், 'தமிழ் புளூராக்' யாழ்ப்பாணத்தில் அச்சாகி வந்தது. ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் சொல்லும் நூல். கிரேக்க நாட்டுப் புளூராக் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதியதை மனதில் வைத்து இட்ட பெயர். இருபத்தேழு வருசம் கழித்து, 1886இல், யாழ்ப்பாணத்து ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தமிழில் நானூறு புலவர்களுக்கு மேல் எழுதினார். காசிச்செட்டியின் நூல் அதற்கு ஒரு முக்கிய ஆதாரம். சதாசிவம்பிள்ளை ஆர்? உதய தாரகையின் ஆசிரியராக இருந்தவர்! கற்பிட்டிக்காரர் ஆங்கிலத்தில் போட்ட விதையைத் தாரகைக்காரர் தமிழில் அறுத்தார். நின்றுபோன முயற்சி எல்லாம் வீண் என்று சொல்ல ஏலாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

வைத்தியர், முன்சீப், வழக்கறிஞர்

வேலையில் இருந்துகொண்டு அந்த வேலையைத் தமிழுக்குக் கொண்டுவந்த இன்னும் மூன்று பேரைப் பார்த்தோம்.

ஒருவர் தமிழரே அல்ல. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குத் தூர இடங்களுக்குப் போனார்கள், ஊரில் வைத்தியர் மிஞ்சவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். தமிழில் படித்தவர் தமிழ் ஊரில் இருப்பார். ஆனால் தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் என்று ஒவ்வொன்றுக்கும் மாணவர்களோடு இருந்து சொல் தேடி, ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஆக்கினார். எங்கள் தாதி இதை வாசித்துவிட்டு, "நாங்கள் இப்பவும் வோர்ட்டில நோயாளியிட்ட 'பிரஷர்', 'சுகர்' எண்டுதானே கதைக்கிறம்" என்றார். பிரஷர் என்ற சொல்லில் பிழை இல்லை. அது என்ன என்று விளக்குகிற நாலு தமிழ் வரி கையில் இல்லாததுதான் பிழை.

மற்றவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அந்த நாவல் வந்தது 1879இல். அதற்குப் பதினேழு வருசம் முன்னர், 1862இல், உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து வெளியிட்டார். வழக்காடுகிறவன் தமிழன், தீர்ப்பு மட்டும் அவனுக்குத் தெரியாத மொழியில். இந்த அநியாயம் நீதிமன்றத்துக்கு உள்ளே வேலை செய்தவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. நாவலுக்கு முன்னர் அவர் கை பழகியது தொழில் எழுத்தில்.

மூன்றாமவர் கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை. 1882 டிசெம்பரில் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். அடுத்த மாதமே எகிப்தில் இருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். எகிப்துச் சங்கதி உலகச் சங்கதியாக இருந்த வேளையில் அதைத் தமிழில் சொல்ல ஒரு பத்திரிகை தயாராக இருந்தது. 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. ஆனால் அவருக்குப் பெரிய கவலை பள்ளிக்கூடம். முஸ்லிம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல் பள்ளிக்கூடங்களும் தொடங்கினார். அவரும் மற்றவர்களும் மருதானையில் எடுத்த முயற்சியில் இருந்துதான் இன்றைய சாஹிராக் கல்லூரி வளர்ந்தது. பத்திரிகை எதற்கு என்பதற்கு அவரிடம் ஒரே வரியில் பதில் இருந்தது. எங்களிடம் இருந்ததா?

இனி எங்கள் கணக்கு

இந்தப் பேர்களை எல்லாம் கேட்டபிறகு நாங்கள் பெரிய ஆட்கள் ஆகிவிடவில்லை. அதே நாலு பேர், அதே களப்புக் கரை. ஆனால் மறுப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க முடிந்தது.

ஆர் வாசிக்கிறது என்ற கேள்வியை மாற்றிக் கேட்டோம். ஆருக்குத் தேவை? கிணறு உள்ள வீட்டுக்கு. கைக்குழந்தை உள்ள தாய்க்கு. ஒரு போகத்துக்கு எத்தனை அந்தர் யூரியா போடுவது என்று கடைக்காரரிடம் கேட்கிற தோட்டக்காரருக்கு. அப்படியானால் முதல் இதழ் தண்ணீர் பற்றியது. அதைக் கொடுக்கிற இடம் கிளினிக் நடக்கிற நாளும் உரக்கடை வாசலும்.

அரச உத்தியோகத்தர் எழுதலாமா என்பது லேசான கேள்வி அல்ல. கடமை சார்ந்த தகவலை அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்கக்கூடாது என்று தாபன விதிக்கோவை சொல்கிறது. எங்களில் இரண்டு பேரின் சம்பளத்தில் இரண்டு குடும்பம் ஓடுகிறது. வீரம் பேசிவிட்டு வேலையை இழக்க நாங்கள் தயாரில்லை. அதனால் இப்படி வைத்தோம்: அலுவலகக் கோப்பில் இருக்கிற ஒரு வரியும் எழுதுவதில்லை. அச்சாகி எல்லாரும் வாசிக்கக் கூடியதாக இருக்கும் ஆய்வுகளை மட்டும் தமிழில் சொல்வது. அதற்கும் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்பது. எங்கள் கிராமத்துக் கிணறுகளின் பரிசோதனை முடிவு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். விண்ணப்பிப்பவர் நானா. அவருக்கு மேலதிகாரி இல்லை.

நானாவுக்கு எழுத விருப்பமில்லை. "எனக்கு எஞ்சின் தெரியும், எழுத்து வராது" என்றார். மொழிபெயர்ப்பாளர் காசிச்செட்டி அப்போது எங்களுக்கு உதவினார். அவர் சொல்ல நாங்கள் எழுதுவோம். ஆனால் ஒரு நிபந்தனை: எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகவேண்டும். நீதிமன்றத்தில் சாட்சிக்காரருக்குக்கூடத் தன் பேச்சு என்னவாக மாறியது என்று தெரியாது. எங்கள் நாலு பக்கத்தில் அந்தக் குறை இருக்கக்கூடாது.

நின்றுவிட்டால்? உதயாதித்தனை நினைத்து இரண்டு முடிவு எடுத்தோம். மாதா மாதம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் இதழ் வெளியே போக முதல் மூன்று இதழுக்கான எழுத்து கையில் இருக்கவேண்டும். அடுத்தது, விஞ்ஞான ஆசிரியர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொள்வார். அவர்கள் வாசித்து விளங்காத வரிக்குக் கீழே கோடு போடவேண்டும். கோடு போட்டது எல்லாம் திரும்ப எழுதப்படும். இன்னும் ஐந்து வருசத்தில் அவர்களில் ஒருத்தர் எழுதுகிறவராக மாறினால் எங்களில் ஒருத்தர் ஓய்வெடுக்கலாம்.

முதல் பக்கத்தின் முதல் வரைவைப் போன கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தோம். பதினோரு கோடு வந்திருக்கிறது. "செறிவு" என்ற சொல்லுக்குக் கீழே ஆறு பேரும் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரம் போகாது.